நால்வரின் வலி

காலை எட்டு மணிக்கு ஜெசிந்தா மூன்றாம் எண் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மேசை, மேசைமேல் ஒரு தாளமானி. அது டக், டக் என்று அடிக்கத் தொடங்கியதும் கண்ணை மூடி, மனத்துக்குள் என்ன நடக்கிறதென்று பார்த்துச் சொல்ல வேண்டும். "ஒவ்வொரு அடிக்கும் முன்னால் சின்ன இறுக்கம். அடி விழுந்ததும் தளர்வு. நெற்றி நடுவில் லேசான அழுத்தம்" என்று சொன்னாள். சுவரில் இருந்த ஒலிவாங்கி அதைப் பதிந்துகொண்டது. தூத்துக்குடியில் முக்கால்வாசிப் பேர் துறைமுகத்தை நம்பிப் பிழைத்தார்கள். ஜெசிந்தா பதினோரு வருடமாகத் தன் உள்மனத்தை நம்பிப் பிழைத்தாள்.

அடுத்தது சூடு. இடது உள்ளங்கையை உலோகத் தட்டில் வைத்தால் அது மெல்லச் சூடேறும். "வெதுவெதுப்பு. ஓரத்தில் குத்தல். மூன்று துடிப்பு, பிறகு பரவல்." இப்படி எத்தனை வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் 'தட்டு' என்று சொல்லக் கூடாது, 'என் கை' என்று சொல்லக் கூடாது, 'வலிக்கிறது' என்று சொல்லவே கூடாது. ஆப்பிளைக் காட்டினால் ஆப்பிள் என்பது தப்பு. சிவப்பு, உருண்டை, மினுமினுப்பு என்பதுதான் சரி. உணர்வைச் சொல்வதை விட்டுப் பொருளைச் சொல்லிவிட்டால் அதற்குப் பொருட்பிழை என்று பெயர். பத்தாயிரம் தடவை பயிற்சி எடுத்தவர்கள்தான் கூண்டுக்குள் உட்கார முடியும். ஜெசிந்தா இதுவரை ஒரு பொருட்பிழைகூடச் செய்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் உண்டு, இல்லாமலென்ன.

இந்த முறையெல்லாம் தூத்துக்குடிக்காரர்கள் கண்டுபிடித்ததில்லை. 1879இல் லைப்சிக் நகரத்தில் வுண்ட் என்பவர் உளவியலுக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் வைத்தார். தாளமானியைக் கேட்கச் செய்து, இன்பமா துன்பமா, கிளர்ச்சியா அமைதியா, இறுக்கமா தளர்வா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். அவரிடம் படித்த டிட்ச்னர் அமெரிக்காவுக்குப் போய், பொருளின் பெயரைச் சொல்லாதே என்று மாணவர்களை விரட்டினார். அப்புறம் வாட்சன் என்று ஒருவர் வந்தார். உள்ளே பார்த்துச் சொல்வதெல்லாம் அறிவியலே இல்லை, ஒருவன் என்ன செய்கிறான் என்பதை மட்டும் பார் என்று அத்தனையையும் தூக்கி வெளியே போட்டார். மூவரும் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. பின்னால் வந்தவர்கள் அந்த இரண்டு கட்சிகளையும் ஒரே சட்டத்துக்குள் கட்டிப் போட்டார்களே, அதுதான் வேடிக்கை. வேடிக்கை என்று சொல்லவும் வாய் கூசுகிறது.

சட்டம் இதுதான்: எனக்கு இப்படி இருக்கிறது என்று எவரும் தன் வாயால் சொல்வது செல்லாது. ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் ஒட்டியிருக்கும் உணர்மானி சொல்வதே செல்லும். ஆரம்பத்தில் அதற்கு நியாயம் இருந்தது. ஏழை வலிக்கிறது என்றால் நடிப்பு, வசதியானவன் சொன்னால் வியாதி, பெண் சொன்னால் வெறும் பயம் என்று மருத்துவமனைகள் நடந்த காலம் ஒன்று உண்டு. உணர்மானி வந்தபின் எல்லோருக்கும் ஒரே அளவுகோல். ஆனால் உணர்மானிக்கு மூளையின் அலைதான் தெரியும். அந்த அலை உள்ளே எப்படி இருக்கும் என்பது அதற்குத் தெரியாது. யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்? அதைச் சொல்வதற்குத்தான் உள்நோக்கர்கள். கூண்டில் அவர்கள் மூளையில் எழும் அலையையும் வாயில் வரும் சொல்லையும் சேர்த்துவைத்து எந்திரம் அந்த அலைக்கு ஓர் எண் போடும். முதலில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஓய்வு பெற்றவர்கள், இறந்தவர்கள் போக இப்போது நாலே பேர். தனித்தனிக் கூண்டு, ஒருவர் பதிவை மற்றவர் பார்க்க முடியாது. தன் பதிவுக்கு எந்திரம் எத்தனை எண் போட்டது என்பது சொன்னவருக்கே தெரியாது. நால்வரின் சராசரிதான் மாநிலம் முழுவதற்கும் வலி.

அந்த வாரம் ஜெசிந்தாவுக்கு வேலை ஓடவில்லை. அவள் தம்பி ராயப்பன், துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டியவன், இடுப்பு எலும்பில் புற்றோடு வார்டில் கிடந்தான். உணர்மானி அவனுக்கு நாலு காட்டியது. மூன்றுக்கு மேல் இருந்தால் அரை மாத்திரை. ஐந்தைத் தொட்டால்தான் ஊசி.

முந்தின நாள் சாயங்காலம் பார்க்கப் போனபோது அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். உதடு கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது.

"ஏக்கா, ஒரு ஊசி போடச் சொல்லேன். உனக்குத்தான் அங்க ஆளு தெரியும்லா?"

"நாலுதான் காட்டுதுடா. அவங்க என்ன செய்வாங்க?"

"நாலா? இது நாலுன்னா அஞ்சு எப்படிக்கா இருக்கும்?"

ஜெசிந்தா அதற்குமேல் அவன் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தாள். நாலு என்று சொன்னது யார்? அவளும் மற்ற மூன்று பேரும்தானே? தட்டில் கை வெந்தபோதெல்லாம் அதைப் பிய்த்துப் பிய்த்து வெதுவெதுப்பு, குத்தல், துடிப்பு என்று உதிரியாக்கி வைத்தவள் அவள். உதிரி உதிரியாகப் பார்த்தால் எந்த வலிதான் வலியாக இருக்கும்? பெயர்போன உள்நோக்கர், பிழையே செய்யாதவர் என்று கூடத்தில் எல்லோரும் அவளைப் புகழ்வார்கள். அப்படியென்றால் நால்வரில் வலியை அதிகம் மழுங்கடித்தவள் அவளாகத்தான் இருக்க வேண்டும். தம்பி உதட்டைக் கடித்துக் கிடப்பதற்குத் தானே காரணம் என்ற எண்ணம் அவளை ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை.

அன்று காலைக் கூண்டை விட்டு வெளியே வந்ததும் நேராகத் தலைமை அளவர் வைகுண்டமணியின் அறைக்குப் போனாள். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிற மனிதர். நல்லவர், அதே அளவுக்குப் பயந்தவர்.

"சார், என் பழைய பதிவெல்லாம் தப்பு. வலியக் குறைச்சுச் சொல்லியிருக்கேன். திருத்தணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "தம்பிக்கு ரொம்ப முடியலியோ?"

"கம்பியப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கான் சார்."

"ஜெசிந்தாம்மா, நான் சொல்லுததக் கொஞ்சம் கேளுங்க. நாளைக்கு இன்னொருத்தர் வந்து, எங்க அம்மாவுக்கு ஏத்திக் குடுங்கம்பாரு. அப்புறம் பழையபடி செல்வாக்கு உள்ளவனுக்குத்தான் ஊசி. அதுக்காகத்தான உங்க பதிவ எல்லாம் முத்திரை வச்சுப் பூட்டியிருக்கு. எனக்கே அதத் திறக்க அதிகாரம் கெடையாது."

"எப்பவுமே திறக்க முடியாதா?"

"பொருட்பிழை வந்தா மட்டுந்தான். வந்துட்டா அந்த ஆளோட மொத்தப் பதிவும் அழிஞ்சிரும். மிச்சம் இருக்குத ஆள வச்சு அளவுகோல் தானா மாறிரும். உங்களுக்கு எதுக்கு அந்தப் பேச்சு? பதினோரு வருசமா ஒரு பிழை கெடையாது. போங்க, போயி ஒரு காப்பி குடிங்க."

அவர் ஆறுதலுக்குச் சொன்னார். அவள் அதை வழியாக எடுத்துக்கொண்டாள். தன் மொண்ணைப் பதிவு அழிந்தால் மற்ற மூவரின் அளவு நிற்கும்; நாலு ஐந்தாகும்; ஐந்தானால் ஊசி. வேலை போகும், போகட்டும். காப்பி குடிக்காமல் திரும்பவும் மூன்றாம் கூண்டுக்குப் போனாள்.

தட்டில் கையை வைத்தாள். சூடு ஏறியது. வாயைத் திறந்தால் பழக்கதோஷத்தில் "வெதுவெதுப்பு" என்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள்: "குத்தல், ஓரத்தில்…" சே, பதினோரு வருடப் பழக்கம் லேசில் விடுமா? அந்த ஒரு சொல்லை நாக்கு எங்கேயோ தொலைத்துவிட்டிருந்தது. கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். தோல் கன்றி, கொப்புளம் கிளம்பி, கண்ணில் நீர் முட்டி வழிந்தது. அப்போது ராயப்பனின் கிழிந்த உதடு நினைவுக்கு வந்தது.

"கை வலிக்கி" என்றாள். சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. "என் கை வலிக்கி. என் தம்பிக்கு வலிக்கி. ராயப்பனுக்கு வலிக்கி, கேக்குதா?"

தாளமானி நின்றது. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. அவ்வளவுதான், பதினோரு வருடம் ஒரு நொடியில் அழிந்தது. அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு, தனக்கு வலிப்பது வலி என்று தெரிந்ததில் ஓர் ஆறுதல்கூட இருந்தது.

வெளியே வைகுண்டமணி கையில் திரைப்பலகையோடு நின்றிருந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க?"

"தெரிஞ்சுதான் சார் பண்ணேன். அளவு மாறிட்டுல்லா?"

"மாறிட்டு." திரைப்பலகையை அவள் பக்கம் திருப்பினார். பிழை விழுந்ததால் முத்திரை உடைந்து, பழைய பதிவுகளின் எண்கள் எல்லாம் திறந்து கிடந்தன. "உங்க தம்பிக்கு இருக்குத அதே அலை. நீங்க அதுக்குச் சொன்ன சொல்லுக்கெல்லாம் மானி பத்து போட்டிருக்கு. மத்த மூணு பேரு பதிவுக்கும் ரெண்டு, ரெண்டு, ரெண்டு. நாலையும் சேத்து, நாலால வகுத்துத்தான் நாலு வந்துச்சு."

அவள் எண்களை மறுபடி பார்த்தாள். "எனக்கா பத்து? நான் குத்தல், துடிப்புன்னுதான சொன்னேன்?"

"அவங்க அதுகூடச் சொல்லலியேம்மா. சீரான அழுத்தம், அமைதின்னு சொல்லியிருக்காங்க. பயிற்சி அவங்களுக்கு முழுசா ஏறிப்போச்சு. உங்களுக்கு மட்டும் ஏறல." அவர் திரைப்பலகையைக் கீழே இறக்கினார். "இந்த மாநிலத்துக்கே வலிச்சது உங்க ஒருத்தராலதான்."

"திரும்பச் சேருங்க சார். காலப் பிடிக்கேன், சேருங்க."

"அழிஞ்சது அழிஞ்சதுதான்" என்று சொல்லிவிட்டு அவர் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

வெந்த கைக்கு ஒரு துணியைக்கூடச் சுற்றாமல் ஜெசிந்தா மருத்துவமனைக்கு ஓடினாள். புதிய அளவுகோல் அவளை முந்திக்கொண்டு வந்து சேர்ந்திருந்தது. வார்டே கலகலவென்று இருந்தது. கட்டிலுக்குக் கட்டில் எண்கள் பாதியாக இறங்கியிருந்தன. பக்கத்துக் கட்டில் கிழவியின் மகள் போனில், "அம்மைக்கு அஞ்சுல இருந்து மூணாயிட்டு, கும்பிட்ட சாமி கண்ணத் திறந்துட்டு" என்று சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். கிழவி துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். மகள் எண்ணைப் பார்த்தாளே தவிர அம்மாவைப் பார்க்கவில்லை.

செவிலி செண்பகவல்லி ராயப்பனின் மாத்திரைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எதிரே வந்தாள். அவள் முகத்தில் உண்மையான சந்தோஷம் தெரிந்தது.

"வாங்கக்கா. அண்ணனுக்கு ரெண்டுதான் காட்டுது. இனிமே மாத்திரையே வேண்டாம். நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

"அவனுக்கு வலிக்கி. நான் சொல்லுதேன்."

செண்பகவல்லி பரிவோடு அவள் தோளைத் தொட்டாள். "நீங்க சொன்னா எப்படிக்கா? மானி சொல்லணும்லா?" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலின் கிண்ணத்தை எடுக்கப் போனாள்.

ராயப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தான். கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. அக்காவின் குரல் கேட்டதும் கழுத்தை மட்டும் மெல்லத் திருப்பினான்.

"ரெண்டாம்க்கா" என்றான். பல் கிட்டித்ததில் சொல் முழுதாக வரவில்லை. "எனக்குத்தான் வலின்னா என்னன்னு தெரியாமப் போச்சு போல. எல்லாருக்கும் கொறஞ்சிருக்கு, நான் மட்டும் சும்மா கெடந்து கத்துதேன். வெக்கமா இருக்குக்கா."

அவள் அவன் வாயைப் பொத்தினாள். வலிடா, அது வலிதான், உனக்கு வலிக்கத்தான் செய்யுது என்று காதோரம் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் நம்பவில்லை. அவளைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று தலையை ஆட்டினான். பிறகு, குணமாகிவிட்டவன் போல, சிரித்துக் காட்ட முயன்றான்.