மஞ்சளான அறுபது கிண்ணங்கள்

திங்கட்கிழமை காலை 9.10. செத்துக் கிடக்க வேண்டியவை அறுபது கிண்ணங்களிலும் ஜம்மென்று உயிரோடு இருந்தன.

அத்தனையும் புற்றுநோய்ச் செல்கள். சனிக்கிழமை அவற்றின் மேல் புது மருந்து விட்டிருந்தார்கள். மூன்று மாதமாக விட்டபோதெல்லாம் துவம்சம் செய்த மருந்து. தலைமை விஞ்ஞானி நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்தார்.

"மருந்தைத் திருடிட்டு பாட்டில்ல தண்ணிய ஊத்தி வெச்சிருக்கான்."

யார் என்று யாரும் கேட்கவில்லை. கிண்ணங்களைப் பராமரிக்கும் உதவியாளர், 'கிண்ணக்காரர்', போன புதன்கிழமை முதல் விடுப்பு. மனைவிக்குப் புற்றுநோய். மருந்து அலமாரியின் இன்னொரு சாவியும் அவரிடம். வேலை போனால்கூடத் தேடிக்கொள்ளலாம், திருடன் என்ற பெயர் வந்தால் அந்த மனிதர் தாங்கமாட்டார்.

9.40. பாதுகாப்பு அதிகாரி வந்தார். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றதால் எல்லோருக்கும் ஏட்டம்மா. கிண்ணங்களில் செல்களுக்கு உணவாக ஊற்றியிருந்த திரவம் மஞ்சளாக இருந்தது. பக்கத்துப் பாட்டிலில் இருந்த புதுத் திரவமோ ரோஜா நிறம்.

"இது ஏன் சார் மஞ்சள்?"

"செல்லுங்க தின்னுட்டு அமிலத்தைக் கழிக்கும். புளிச்சா மஞ்சளாயிடும். சகஜம்தான். வாரம் ரெண்டு தடவை மாத்தினாப் போதும்னு விதி."

"சனிக்கிழமை மருந்து விடும்போதே மஞ்சளா?"

"ஆமா. நீங்க திருடனைப் பிடிங்கம்மா."

"பிடிச்சுடலாம். நாலு கிண்ணத்துல ரோஜா நிறப் புதுத் திரவம் மாத்துங்க, நாலை மஞ்சளாவே விடுங்க. எட்டுலயும் அதே பாட்டில் மருந்தை விட்டு வைங்க."

10.20. வாசல் பதிவேட்டில் ஏட்டம்மாவின் விரல் ஒரு வரியில் நின்றது. கிண்ணக்காரர் வேலைக்கு வந்த நாளெல்லாம் எல்லோரும் போய் அரைமணி நேரம் கழித்தே வெளியேறியிருந்தார்.

11.15. மருத்துவமனை வராந்தா.

"மருந்தைத் தொட்டீங்களா?"

"சத்தியமா இல்லம்மா."

"தினமும் அரைமணி நேரம் தனியா என்ன வேலை?"

கிண்ணக்காரர் திருதிருவென்று முழித்தார். "திட்டாதீங்க. மஞ்சளாகிறதைப் பார்த்தா மனசு கேக்காது. தினமும் புதுத் திரவம் மாத்திடுவேன். விதியில இல்ல, அதான் யார்கிட்டயும் சொல்லல."

புதன்கிழமை காலை 10.00. ரோஜா நிறக் கிண்ணங்கள் நான்கிலும் செல்கள் செத்திருந்தன. மஞ்சள் கிண்ணங்களில் ஒன்றுக்கும் சேதமில்லை.

"பாட்டில்ல இருக்கிறது மருந்தேதான்," என்றார் ஏட்டம்மா. "ஆள் திருடல சார். குற்றவாளி அந்தப் புளிப்பு. நீங்க காணாமப்போன மருந்தைத் தேடினீங்க. காணாமப்போனது தினமும் மாத்துற கை."

விஞ்ஞானி நாற்காலியில் சாய்ந்தார். "புளிப்புல இந்த மருந்து உருமாறிடும். செல்லுக்குள்ள நுழைய முடியாம வாசல்லயே நின்னுடும். உடம்புக்குள்ள கட்டியைச் சுத்தியும் புளிப்புதான்மா. அங்க மாத்த யார் இருக்கா? மூணு மாசமா மருந்தோட அவர் நல்ல மனசையும் சேர்த்தே சோதிச்சிருக்கோம். இப்ப தெரியலன்னா நோயாளிங்ககிட்டதான் தெரிஞ்சிருக்கும்."

மாலை 4.30. விஞ்ஞானியே ஏட்டம்மாவோடு மருத்துவமனைக்கு வந்து கிண்ணக்காரரிடம் மன்னிப்புக் கேட்டார். புளிப்பை வெல்லும் ஆய்வை அவரோடு சேர்ந்தே தொடங்கப்போவதாகவும் சொன்னார். படுக்கையில் இருந்த மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கணவரை ஏறிட்டுப் பார்த்தார்.

"அப்போ நிஜமாவே திருடலையா?"

"இல்லம்மா."

"கட்டின பொண்டாட்டிக்காக ஒரு பாட்டில் திருடக்கூட உங்களுக்குத் துப்பில்ல!"

சொல்லிவிட்டு, ஊசி குத்தியிருந்த கையாலேயே கணவரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். ஏட்டம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார்.