ரோப் காரில் நாலு பேர்

பழனியில் ரோப் கார் ஓடத் தொடங்கிய மறு வருஷம், மார்கழிக் கடைசியில் ஒருநாள், தீபாவும் சுருளிவேலும் வேடசந்தூரிலிருந்து முதல் பஸ் பிடித்து அடிவாரம் வந்து சேர்ந்தார்கள். மூன்று வயது பவித்ராவுக்கு முடி இறக்க வேண்டும். அது அவளைப் பெற்ற ஜோதிமணியின் வேண்டுதல்.

ஜோதிமணி தீபாவின் அக்கா. பிரசவமாகி நாற்பதாம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள். மில் வேலைக்கும் கைக்குழந்தைக்கும் நடுவே தவித்த சுருளிவேலுக்கு, பெரியவர்கள் தீபாவையே கட்டி வைத்தார்கள். பிள்ளைக்கு இவளைத்தான் அம்மாவென்று தெரியும். சுவரிலிருந்த அக்காவின் போட்டோவைப் போன தீபாவளிக்குக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்ததும் தீபாதான்.

"பிள்ளை யாருன்னு கேக்கும்ல மாமா" என்றாள்.

அன்று மலையே தெரியாதபடி பனி இறங்கியிருந்தது. முதலில் மேலே சாமி கும்பிட்டு வரலாமென்று, நாலு பேர் உட்காரும் ரோப் கார் பெட்டியில், கூட்டமில்லாததால் மூவர் மட்டும் ஏறினார்கள். குழந்தையோடு தீபா ஒரு பக்கம், எதிரே சுருளிவேல். அவனுக்குப் பக்கத்து இடம் காலி.

பெட்டி மெல்லக் குலுங்கித் தரையை விட்டது. கடைகள், தென்னை மரங்கள், பாறைகள் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள் முங்கின. தலைக்கு மேலே கம்பி நகரும் முனகல் மட்டும் கேட்டது.

பிறகு ஒரு வாசம் வந்தது. சாம்பிராணிப் புகை, வசம்பு, பால் ஊறிக் காய்ந்த சேலை. பிள்ளை பெற்ற வீட்டின் வாசம்.

"மாமா, ஏதும் வாசம் வருதா?"

சுருளிவேல் கண்களை இறுக மூடியிருந்தான். பக்கத்தில் ஆளிருந்தால் ஒதுங்கி உட்காருவதுபோல் தோளை ஒடுக்கியிருந்தான்.

பவித்ரா காலி இடத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"யாரப் பாத்துத் தாயி சிரிக்கிற?"

"அந்தம்மா மடிக்கு வரச் சொல்லுது."

தீபா குழந்தையை அணைத்துக்கொண்டாள். "அங்க யாருமில்ல."

"இருக்கு."

குழந்தையின் வலது கை முன்னால் நீண்டது. நீண்ட கை அப்படியே விறைத்து நின்றது. தீபா தன் பக்கம் இழுத்தாள்.

அந்தப் பக்கமும் இழுத்தது.

"அக்கா" என்று முணுமுணுத்தாள். "எம்புள்ளைய விட்டுரு."

பிடி இறுகியது. குழந்தை வலியில் சிணுங்கினாள். தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் தீபாவுக்கு உறைத்தது.

"உம்புள்ளதான்க்கா. நீ பெத்த புள்ளதான். நான் வளத்துக் குடுக்குறேன். வலிக்குது அதுக்கு, விட்டுரு."

பிடி தளர்ந்தது.

குழந்தையின் கை துவண்டு விழுந்தது.

மலையுச்சியில் இறங்கியதும் தீபா சுருளிவேலின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "நீங்க பாத்தீங்களா?"

"ஏறும்போதே வந்து பக்கத்துல உக்காந்துட்டா" என்றான் அவன், காதோடு. "நான் திரும்பிப் பாக்கல."

"வீட்டுக்குப் போனதும் போட்டோவ எடுத்து மாட்டிருவோம் மாமா."

அவன் தலையாட்டினான். சாமி கும்பிட்டுவிட்டு அடிவாரத்துக்குப் படிவழியே நடந்தார்கள். முடி இறக்கும் இடத்தில் பவித்ரா அழவே இல்லை. சுருளிவேல்தான் மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம் பூசிவிட்டான்.

மத்தியானப் பஸ்ஸில் குழந்தை மடியில் தூங்கிப்போனாள். ஒட்டன்சத்திரம் தாண்டுகையில் தீபா தற்செயலாகக் குனிந்து பார்த்தாள். சந்தனத்தின் மேல் ஐந்து விரல்கள் பதிந்திருந்தன. மெலிந்த, நீண்ட பெண் விரல்கள். தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள், பொருந்தவில்லை.

வெயிலில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அந்தத் தடம் மட்டும் ஈரமாக இருந்தது.