பதினோரு நிமிடக் காற்று

“சுழலிய நிறுத்துனீங்களா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க!”

“ரெண்டே நிமிசம் மேடம்...”

“பதினோரு நிமிசம்! மணி பாத்துக்கிட்டேதான் இருந்தேன். உங்க கிடாருக்கு என் நுரையீரல்தான் கெடச்சுதா?”

அமுதவல்லியின் குரல் சி வரிசையின் கடைசி வீடு வரை கேட்டது. சந்திரனில் இந்த இடத்துக்கு அமைதிக்கடல் குடியிருப்பு என்று பெயர் வைத்தவர்கள், ஏழாம் குவிமாடத்தில் ஒரு மாலையாவது நின்று பார்த்திருக்க மாட்டார்கள். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தேநீர்க் குவளையோடு ஒருவர், ஈரத்தலையோடு ஒருவர், பாதி ஊட்டிய குழந்தையோடு ஒருத்தி. எல்லோரும் நேரிலேயே வந்து நின்றார்கள். அது எவ்வளவு அபூர்வம் என்பது போகப் போகத் தெரியும்.

கழுத்தில் கிடாரைத் தொங்கவிட்டபடி வாசலில் நின்ற ஞானதுரைக்கு வயது முப்பத்தெட்டு. பகலில் குவிமாடத்தின் விளிம்புகளில் கசிவு பார்க்கும் வேலை. மற்ற நேரமெல்லாம் அபாய அறைக்குள் இருப்பான். காற்று கசிந்தால் ஓடி ஒளிந்துகொள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அபாய அறை உண்டு. அலமாரியைவிடச் சற்றுப் பெரியது. மற்றவர்கள் அதில் பழைய பெட்டிகளைப் போட்டு வைப்பார்கள். ஞானதுரை சுவர் முழுக்கப் போர்வைகளை அறைந்து, ஒலிவாங்கி இரண்டை நட்டு, அதை ஒலிப்பதிவுக் கூடமாக்கி வைத்திருந்தான். தனியொருவனாகக் கிடார் வாசித்து, தானே பதிந்து, தானே சீர்செய்து, தானே வெளியிடப் போகும் இசைத்தொகுப்பு. வாய்ப்பாட்டு கிடையாது. மூன்று வருட உழைப்பு.

தொல்லை காற்றுச்சுழலியால் வந்தது. இரண்டு வீட்டுக்கு ஒரு சுழலி. அது ஓடினால் ஒலிவாங்கியில் ‘ம்ம்ம்’ என்று மாட்டுக்கொட்டகை போலக் கேட்கும். அதனால் பதிவின்போது அவன் அதை நிறுத்திவிடுவான். நிறுத்திய பதினோராவது நிமிடம் கரியமில வாயு ஏறி மணி அடிக்கும். ஆகவே அவன் பாட்டு எதுவும் பதினோரு நிமிடத்தைத் தாண்டியதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், தக்காளிக் கூடத்தில் வேலை முடித்துவந்து காலை நீட்டியிருக்கும் அமுதவல்லிக்கும் அதே பதினோரு நிமிடம் காற்று நின்றுவிடும்.

“இன்னும் ஒரே ஒரு பாட்டு மேடம். ஞாயித்துக்கிழமையோட முடிஞ்சிரும்.”

“அந்தக் கடைசிப் பாட்டுதானே? நடுவுல தொண்டைல சிக்குன மாதிரி நிக்குதே, அதயாவது ஒழுங்கா முடிங்க!”

கதவு அறைந்து சாத்தப்பட்டது. ஞானதுரைக்குச் சுருக்கென்றது. ‘தக்காளி பறிக்கிறவளுக்குக் கிடாரைப் பற்றி என்ன தெரியும்’ என்று நினைத்துக்கொண்டான். கடைசிப் பாட்டின் நடுவில் நாலு விநாடி நிறுத்துவதா வேண்டாமா என்று ஆறு மாதமாகத் தூக்கம் கெட்டுக் கிடந்தவன், அது இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று மட்டும் யோசிக்கவில்லை.

தொகுப்புக்குப் ‘பதினோரு நிமிடம்’ என்று பெயர் வைத்தான். நின்றுபோன சுழலியின் இறக்கைதான் முகப்புப் படம். அடுத்த மாதம் ஒரு காலை ஆறு மணிக்கு வெளியிட்டான். பதினோரு பாட்டு, மொத்தம் ஒன்றே முக்கால் மணி நேரம்.

ஆறு மணி நாலு நிமிடத்துக்கு, முழுவதும் கேட்டு முடித்தவர்கள் நாலாயிரத்துப் பன்னிரண்டு பேர்.

பாராட்டுகள் கொட்டின. ‘நெஞ்சை உருக்கிவிட்டது.’ ‘தனிமையின் குரல்.’ ‘மூன்றாவது பாட்டில் கண்ணீர் விட்டேன்.’ ஞானதுரை முதல் பத்து நிமிடம் அறைக்குள் குதித்தான். சந்திரனில் குதித்தால் கூரை இடிக்கும், இடித்தது. தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் கணக்கு உறைத்தது. ஒன்றே முக்கால் மணி நேரத்தை நாலு நிமிடத்தில் எப்படிக் கேட்டார்கள்?

கேட்டவை பதிலிகள். எல்லோருக்கும் காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஒன்று பதித்திருக்கும். வெளியாகிற பாட்டு, வருகிற கடிதம், தூரத்துச் சொந்தக்காரரின் உடல்நலச் செய்தி, எல்லாவற்றையும் நமக்குப் பதிலாக அது கேட்டு முடித்து, நம் குரலிலேயே பொருத்தமாகப் பதில் அனுப்பிவிட்டு, நமக்கு ஒரு வரியில் சாரம் சொல்லும். சாரம் வந்து சேரும்போது இடது இமை ஒரு தரம் துடிக்கும். அவ்வளவுதான். அந்த நாலாயிரத்துப் பன்னிரண்டு பாராட்டுக்கும் ஞானதுரையின் பதிலி ஏற்கெனவே நாலாயிரத்துப் பன்னிரண்டு நன்றி அனுப்பியிருந்தது. அது அவனுக்கு வித்தியாசமாகப் படவில்லை.

தன் காதால் கேட்ட ஓர் ஆள் வேண்டும். ஒரே ஓர் ஆள். அதற்குப் பிறகு ஞானதுரைக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிடித்தமான அவரைக்காய்க் கூட்டைக்கூடத் தொடாமல் எழுந்து தங்கை ஹெலன் வீட்டுக்குப் போனான்.

“ஏட்டி, பாட்டு கேட்டியா?”

“கேக்காம இருப்பனா? அழுதுட்டேன்ணே.”

“அஞ்சாவது?”

அவள் இடது இமை துடித்தது. “அதுதான் எல்லாத்துலயும் டாப்பு.”

வேலையிடத்தில் மேற்பார்வையாளர், உணவுக்கூடத்தில் பரிமாறுகிறவர், ஆலயத்தில் போதகர் என்று வரிசையாகப் போய் இமைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். போதகர் பாதிக் கேள்வியிலேயே துடித்துவிட்டார்.

பிறகு ஒரு யோசனை செய்தான். வரிசையில் எல்லோரையும் மரவள்ளிச் சிப்ஸுக்கு வீட்டுக்கு அழைத்தான், அமுதவல்லியைத் தவிர. சிப்ஸ் பூமியிலிருந்து வந்தது என்றதும் பதினேழு பேர் வந்தார்கள். கண்ணெதிரே உட்கார வைத்து அந்தக் கடைசிப் பாட்டை வாசிக்கத் தொடங்கினான். பதினைந்தாவது விநாடி பதினேழு இமைகள் துடித்தன. பாட்டு இப்போதுதான் மூச்சு எடுக்கிறது, எல்லோரும் எழுந்து நின்று கை தட்டிவிட்டார்கள்.

“பிரமாதம் துரை!” என்று சிப்ஸ் இருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்தார் ஒரு பெரியவர். “நடுவுல அந்த நாலு விநாடி சும்மா விட்டுருக்கியே, என்னா துணிச்சல்!”

இவன் அந்த இடத்துக்கு வரவே இன்னும் ஆறு நிமிடம் இருந்தது.

அன்றிலிருந்து கிடாரைத் தொடவில்லை. அபாய அறையின் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, எழுந்து, கேட்டோர் எண்ணிக்கையைப் பார்த்து, மறுபடி உட்காருவான். சுழலி இடைவிடாமல் ஓடியது. சி வரிசையில் சண்டையே இல்லாமல் போய், எங்கள் மாலைப்பொழுதுகள் சப்பென்று ஆகிவிட்டன.

இரண்டு மாதம் கழித்து அமுதவல்லிக்குச் செவ்வாயில் புதுத் தக்காளிக் கூடத்துக்கு மாற்றல் வந்தது. கிளம்புகிற அன்று பெட்டிகளோடு சுரங்கப்பாதை மூலையில் வண்டிக்குக் காத்திருந்தவள், ஏதோ தோன்றி, ஞானதுரைக்கு ஒரு குரல் கடிதம் பேசினாள். அவளுக்குத் தாழ்ந்த குரலில் பேச வராது. அதனால்தான் எங்கள் காதிலும் விழுந்தது, இங்கே எழுத முடிகிறது.

“ஞானதுரை சார், பக்கத்து வீட்டு அமுதவல்லி பேசுறேன். உங்க தொகுப்ப என் பதிலி கேட்டுச்சாம். ‘இனிய கிடார் இசை’ன்னு ஒரு வரி சொல்லுச்சு. அது கெடக்கட்டும். நான் கேட்டது வேற. சுழலி நின்னா உங்க கிடார் அந்தக் காத்துக்குழாய் வழியா அப்படியே என் வீட்ல இறங்கும். அத சுருக்கிச் சொல்ல எந்தப் பதிலியும் கெடையாதுல்ல. மூணு வருசம் குழாய்க்குக் கீழ ஸ்டூல போட்டு உக்காந்து கேட்டேன். மூச்சு முட்டுனது நெசம், சண்ட போட்டது நெசம், ஸ்டூல்லருந்து எந்திரிக்காததும் நெசம். அஞ்சாவது பாட்டு எங்க கூடத்துல தண்ணி தெளிக்கிற சத்தம் மாதிரியே இருக்கும். ஏழாவதுல ஒரு எடத்துல இருமலை அடக்குவீங்க. அந்த எடம் வந்தா நானும் அடக்கிக்குவேன். கடைசிப் பாட்டுல நிக்கிற எடம்... அன்னிக்கு வேற ஏதோ கோவத்துல திட்டிட்டேன். அத மாத்திறாதீங்க. அந்த நாலு விநாடி என் வீட்டுக்காரர் போன அன்னிக்கு வீடு இருந்த மாதிரியே இருக்கும்...”

பேசி முடிக்கப் பதினோரு நிமிடம் ஆயிற்று. அதையும் மணி பார்த்தோம்.

ஞானதுரை அப்போது அபாய அறைத் தரையில், உலகத்தில் தன்னைக் கேட்க ஒரு ஜீவன் இல்லையே என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடது இமை துடித்தது. சாரம் வந்தது: ‘பக்கத்து வீட்டார். பாராட்டு, மூச்சுமுட்டல் புகார், பிரியாவிடை. நன்றி அனுப்பியாகிவிட்டது.’

“போறப்பவும் புகாரா!” என்று போர்வைச் சுவரில் தலையைச் சாய்த்தான்.

மூலையில் அமுதவல்லிக்கு ஞானதுரையின் குரலிலேயே பதில் வந்தது. ‘உங்கள் அன்பான வார்த்தைகள் எனக்குப் பெரும் ஊக்கம். தொடர்ந்து ஆதரவு தாருங்கள்.’  அவள் வண்டிக்காரரிடம், பெட்டியை ஏன் தலைகீழாக வைத்தாய் என்று சண்டைக்குப் போனாள்.

அவனிடம் நாங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நூறு அடி தூரம். ஒளிந்து நின்று கேட்டதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதால் சொல்லவில்லை. இந்தக் குடியிருப்பில் வம்புக்கு மட்டும் யாரும் பதிலியை அனுப்புவதில்லை. அதைச் சொந்தக் காதால் கேட்டால்தான் உடம்பில் ஒட்டும்.

அமுதவல்லி செவ்வாயில் ஒரு குழாய் மேஸ்திரியை மறுமணம் செய்துகொண்டாள். அங்கே வீட்டுக்கு வீடு தனிச் சுழலி, ராத்திரியெல்லாம் ஓடுகிறதாம். அவள் வீட்டுக்கு ஆறு பேர் கொண்ட குடும்பம் குடிவந்தது, கூடவே இங்கும் தனிச் சுழலி வந்தது. ஞானதுரை மறுபடி கிடாரை எடுத்தான். இப்போது அவன் சுழலியை நிறுத்தினாலும் பக்கத்து வீட்டில் சுழலி இரைகிறது. அவன் வாசிப்பது அங்கே கேட்பதில்லை. இரண்டாவது தொகுப்பை ஒன்பதாயிரம் பேர் மூன்று நிமிடத்தில் கேட்டார்கள்.

போன மாதம் அவனுக்கும் பெனிட்டா என்ற பெண்ணுக்கும் கல்யாணம். இரண்டு பதிலிகளும் ஆறு வாரம் மனம்விட்டுப் பேசி முடிவு செய்த சம்பந்தம். ஆலயத்தில் வரிசை முழுக்க நேரில் ஆஜர். போதகர், “இருவருக்கும் மனப்பூர்வமாகச் சம்மதந்தானா?” என்று கேட்டார். “சம்மதம்” என்ற சொல் வருவதற்கு முன், இரண்டு இடது இமைகளும் ஒரே நேரத்தில் துடித்ததை நாங்கள் எல்லோரும் சொந்தக் கண்ணால் பார்த்தோம்.