நாற்பதாவது அறை

மெஷினின் சுவாச மாஸ்க் ஜன்னல் கொக்கியில் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் கணினித் திரை, அதில் யாரோ நிமிடத்துக்குப் பதினாறு தடவை மூச்சு விடுவதாகக் காட்டியது.

“புளுகு,” என்றான். மதிய வெயிலில் சூடேறிய பிளாஸ்டிக் வாடையும், மின்விசிறியின் கிறீச்சும், மேசையிலிருந்த மெஷினுக்குள் காற்று விடாமல் சீறும் சத்தமும் சேர்ந்து அவனுக்கு எரிச்சலைக் கிளப்பின.

பக்கத்து அறையில் அக்கா படுத்திருந்தாள். தூக்கத்தில் அவளுக்கு மூச்சு நின்றுவிடும். காற்றைத் தள்ளும் மெஷின்தான் அவளுக்கு உயிர். அழுத்தத்தைக் கூட்டச் சொல்லிவிட்டார் டாக்டர். கூட்டும் மென்பொருளைக் கம்பெனி நிறுத்திவிட்டது. உள்விவரம் கேட்டுப் பதினோரு கடிதம் போட்டான். பதினொன்றுக்கும் ஒரே பதில்: பழைய மாடல், புதியது வாங்குங்கள். அதே மாடலில் இன்னொரு மெஷினைத் தேடிப் பிடித்து, அதைத் தன் மேசையில் வைத்து, கணினியிலிருந்து மெஷினை இயக்கும் டிரைவர் நிரலைத் தன் கட்டற்ற இயங்குதளத்துக்கு எழுத உட்கார்ந்துவிட்டான்.

விவரம் இல்லாமல் டிரைவர் எழுதுவது கண்ணைக் கட்டிக்கொண்டு துழாவுகிற வேலை. மெஷினுக்குள் எண்ணிட்ட நினைவக அறைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் இருக்கும் எண்ணைப் படித்து, நோட்டில் குறித்து, அதன்பிறகே வேறு எண்ணை எழுதிப் பார்க்க வேண்டும். இரண்டு மாதமாக அவன் இதை மீறியதில்லை.

“அக்கா, தூங்கிட்டியா?”

“நீ கீபோர்டைப் போட்டு அடிக்கிற அடியில பொணம்கூட எழுந்திரிச்சிடும். பெப்பர்மிண்ட் தின்னாச்சு, மாஸ்க் மாட்டப் போறேன். கம்முனு இரு.” சிரித்தாள்.

அந்தச் சிரிப்போடு திரையில் எண் குதித்தது. தற்செயல், என்று நினைத்துக்கொண்டான்.

பிறகு பதினான்கு. பன்னிரண்டு. யாரோ மெல்லக் கண்ணயர்வதுபோல. அவனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கம்பெனிக்காரன் விவரமும் தர மாட்டான், மெஷினும் பொய் சொல்லும்! நாற்பதாவது அறையில் பூஜ்யத்தை எழுதினான். என்ன இருந்தது என்று படிக்கவில்லை.

எண் பூஜ்யத்துக்கு விழுந்து நின்றது.

“ஒழிஞ்சது சனியன்.”

பக்கத்து அறையில் அதுவரை கேட்ட மெல்லிய குறட்டை நின்றிருந்தது.

“அக்கா?”

ஓடினான். அவள் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, பச்சை விளக்கோடு. மாஸ்க் முகத்தில்தான் இருந்தது. நெஞ்சு ஏறவில்லை. உலுக்கினான். கை துவண்டு விழுந்தது.

திரும்ப ஓடினான். நோட்டைப் புரட்டினான். முப்பத்தொன்பது வரை குறித்திருந்தான். நாற்பதுக்கு எதிரே வெறும் கோடு.

ஊகமாக அதில் ஒன்று என்று எழுதினான்.

எண் மெல்ல ஏறியது. ஏழு. பத்து. பன்னிரண்டு. பக்கத்து அறையில் அக்காவின் கட்டில் அசையவில்லை.

ஜன்னலில் தொங்கிய மாஸ்க்கின் உட்புறம் பனித்தது. தெளிந்தது. மறுபடி பனித்தது.

அவன் அறை முழுக்கப் பெப்பர்மிண்ட் வாசனை.