வேலிக்கு வெளியே

கிரிபண்டா யானை வேலிச் சங்கத்துக்குத் தரவேண்டிய பாக்கி பதினாலாயிரத்து எழுநூறு ரூபாய். அவன் செத்து, பிக்குகளுக்கு ஏழாம் நாள் தானமும் கொடுத்து முடித்த மறுநாள் காலை, அவனுடைய பங்கு வேலியின் அடியில் யாரோ புல் வெட்டியிருந்தார்கள்.

முதலில் பார்த்தவன் முதலிஹாமி. கம்பியில் புல் பட்டால் மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும் என்று ஊரில் வீட்டுக்கு ஒரு பங்கு வேலி பிரித்துக் கொடுத்திருந்தார்கள். காசு கட்ட முடியாதவன் ஊர் வேலிக்குப் புல் வெட்டிக் கழிக்கலாம். நாளுக்கு இரண்டாயிரத்து நூறு. கணக்குப் புத்தகமும் மின்பெட்டிக் கொட்டிலின் சாவியும் முதலிஹாமியிடம்தான்.

செத்தவனின் பெண்சாதி ரன்மெனிக்காவிடம் போனான்.

"புல்லு வெட்ட ஆரைப் பிடிச்சனீ, தங்கச்சி?"

"சோத்துக்கே வழியில்ல, கூலிக்கு ஆள் பிடிக்கிறனோ? இருந்த ஒரு கத்தியையும் அவரோட சேத்து யானை மிதிச்சுப்போட்டுது. அந்தா, வளைஞ்சு கிடக்கு." அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அண்டைக்கு ராவு கம்பியில கரண்ட் இருந்ததெண்டுதானே அண்ணே சொன்னீங்க?"

"பின்ன? இருந்தது."

இருக்கவில்லை. அன்று பகல் தேநீர்க் கடையில் பத்துப் பேர் முன்னால், "சங்கத்துக் காசிலதானே அண்ணேன்ட வீட்டுக்குப் புதுத் தகரம் ஏறினது. நான் தாறதில என்ன, கக்கூசுக்கும் கூரையோ?" என்று கேட்டுக் கடையையே சிரிக்க வைத்தான் கிரிபண்டா. அந்தச் சிரிப்பு முதலிஹாமியின் காதை விட்டுப் போகவில்லை. இருட்டியதும் போய்க் கிரிபண்டாவின் பங்குக்கு ஓடும் இணைப்பைக் கழற்றிவிட்டான். வயல் போகட்டும், வாய் அடங்கும். யானை வயலோடு, கிரிபண்டா படுத்திருந்த காவல் குடிலையும் சாய்த்தது. விடியுமுன் இணைப்பை மாட்டப் போனபோது, சாய்ந்த குடிலுக்குள்ளிருந்து முனகல் கேட்டது. மாட்டிவிட்டுத் திரும்பி வந்தான்.

இரண்டாம் இரவு, வாசலுக்கு இருபது அடியில் இருக்கும் கொட்டிலில் மின்பெட்டி வழக்கம்போல் நொடிக்கொரு தரம் டிக், டிக் என்று அடிக்க, குளத்துத் தவளைகள் கத்தி ஓய்ந்து, ஈரப்புல்லின் வாசனையோடு யானை விட்டையின் புளித்த நெடியும் ஜன்னலால் ஏற, வேலியோரம் கத்தி புல்லை இழுத்து அறுக்கும் சத்தம் கேட்டது. நேரான கத்தியின் சத்தமல்ல. வளைந்த இரும்பு மண்ணில் தட்டித் தட்டி வந்தது.

மூன்றாம் இரவு விளக்கடித்துப் பார்த்தான். ஆள் இல்லை. புல் மட்டும் பிடி பிடியாய்ச் சாய்ந்தது.

பூதமானாலும் சங்கத்துச் சட்டம் ஒன்றுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான் முதலிஹாமி. கடன் தீர்ந்தால் போய்விடுவான். கணக்குப் புத்தகத்தில் கிரிபண்டாவின் பக்கத்தில் நாளுக்கு இரண்டாயிரத்து நூறாய்க் கழித்து எழுதி வந்தான். சத்தம் இரவுக்கிரவு அவன் வீட்டுப் பக்கமாய் நகர்ந்தது. ஆறாம் இரவு அது அவனுடைய சொந்தப் பங்கில் நின்றது. மீதி இன்னும் ஒரு நாள்.

ஏழாம் இரவு கத்தி கேட்கவில்லை.

வேறு சத்தம். மண் விட்டுக்கொடுக்கும் சத்தம். வேலிக் கட்டை ஒன்று பிடுங்கப்பட்டது. பிறகு ஒன்று. கம்பி நிலத்தில் இழுபட்டுச் சீறியது. வீட்டின் பின்புறம் தொடங்கி, கிணற்றடி, மாட்டுக்கொட்டகை வழியாய்ப் பிடுங்கும் சத்தம் வாசலுக்கு வந்தது. அங்கே கட்டைகளை அடித்து இறக்கினார்கள். இறக்கினான். ஒருவன்தான்.

பிறகு அமைதி. கதவுக்கு வெளியே மூச்சு.

"அண்ணே."

முதலிஹாமி கதவின் தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்தான்.

"ஏழு நாள் வேலை. கணக்குச் சரியோ, அண்ணே?"

"சரி... சரியடா தம்பி. போயிடு."

"எழுதுங்க."

எழுதினான். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி அரை நாழிகை நின்றான். ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் திறந்தான்.

நிலா. வாசலுக்கு எட்டடியில் புதிதாய் நட்ட வேலி. அதற்கு அந்தப் பக்கம் ஊர்; இந்தப் பக்கம் காட்டோடு அவன் வீடு. அந்தப் பக்கம் மின்பெட்டிக் கொட்டில், டிக், டிக். சாவி இவன் இடுப்பில். கம்பிக்கு அப்பால் ஒரு முதுகு நடந்து போய்க்கொண்டிருந்தது. இடுப்புக்கு மேல் தட்டையான முதுகு. திரும்பவில்லை.

கம்பியைத் தொட்டான். தூக்கி எறிந்தது.

விழுந்த இடத்தில் மண் சூடாக இருந்தது. யாரோ வெகுநேரம் நின்ற சூடு. கிணற்றடி இருட்டு அசைந்தது. கொட்டகை இருட்டும். முறம் போன்ற காதுகள் மெல்ல, மெல்ல விசிறின. முன்னால். பின்னால். கூரைக்கு மேலே.

ஒன்றுகூடப் பிளிறவில்லை.

மடியில் விரிந்து கிடந்த புத்தகத்தின் மேல் ஒரு துதிக்கை இறங்கி, ஈரமான மூச்சு விட்டு, மை காயாத கடைசி வரியை முகர்ந்தது: கிரிபண்டா. பாக்கி இல்லை.