மில் சுவரில் கொப்புளங்கள்

கொப்புளங்கள் சுவரில் வரைந்திருந்த முகங்களின் வாய்களில் மட்டும்தான் வந்திருந்தன.

ஈரச் சுவரில் வார்னிஷ் அடித்தால் கொப்புளம் கிளம்பும். ஓவியக்காரிக்கு இது தெரியாதா என்ன? ஆனால் மில்லைப் புதிதாக வாங்கியவர் வெளிச்சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் அனுப்புகிறார் என்று காதில் விழுந்த பிறகு, மழையில் நனைந்த சுவர் காயட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார அவளால் முடியவில்லை; ஈரத்தின் மேலேயே அடித்துவிட்டாள். அடியில் வார்னிஷ் இருந்தால், மேலே எதைப் பூசினாலும் கழுவி எடுத்துவிடலாம். மில் தீப்பிடித்த அன்று பூட்டிய கதவுக்குப் பின்னால் புகையில் மூச்சுமுட்டிச் செத்தவர்கள் அத்தனை பேரையும் அந்தச் சுவரில் வரைந்தவள் அவள்தான். நடுவில் நிற்பது அவள் தம்பி.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கூரைத் தண்ணீர் எங்கோ சொட்ட, வார்னிஷ் நெடிக்கு அடியில் கருகிய பஞ்சு வாசனை மெல்ல எழும்ப, தம்பியின் உதட்டுக் கொப்புளத்தில் விரலை வைத்தாள். வெதுவெதுவென்றிருந்தது.

பெயிண்டர் மேஸ்திரி வாளியோடு வந்து சேர்ந்தார்.

"தள்ளிக்கோம்மா. எனக்கும் பொழப்பு ஓடணுமில்ல."

"அடிங்கண்ணே, நல்லா அடிங்க. நாளைக்கே கழுவிடுவேன். நீங்க திரும்ப அடிங்க, நான் திரும்பக் கழுவுறேன். யாரு மொதல்ல சலிச்சுப் போறாங்கன்னு பாத்துடலாம்."

"அடேயப்பா, என்னா பிடிவாதம்!" என்று சிரித்துக்கொண்டே ரோலரை உருட்டினார். தம்பி மறைந்தான். பக்கத்தில் நின்றவர்களும் ஒவ்வொருவராக மறைந்தார்கள். சுவர் முழுக்க வெள்ளை.

அப்போதுதான் அந்தச் சத்தம். யாரோ துணிக்குள்ளிருந்து மூச்சு இழுப்பது மாதிரி.

ஈர வெள்ளை ஓரிடத்தில் உள்ளே குழிந்தது. உப்பியது. மறுபடி குழிந்தது. தம்பியின் வாய் இருந்த இடம்.

மேஸ்திரி ரோலரைப் போட்டுவிட்டு ஓடினார். அவள் கால்களும் ஓடத்தான் துடித்தன. அதையும் மீறிக் கோபம் வந்தது.

"அன்னைக்குத்தான் கதவைத் தொறக்க ஒரு நாதியில்ல. இன்னைக்கு நானும் ஓடினா, நான் என்ன மனுஷி?"

பையிலிருந்து, வார்னிஷ் கொப்புளம் கீறும் கத்தியை எடுத்தாள். கீறினாள்.

சூடான புகை முகத்தில் அடித்தது.

"அக்கா." அவன் குரலேதான். "மத்தவங்களுக்கும்."

சுவர் நெடுக, வாய் இருந்த இடங்களிலெல்லாம், வெள்ளை ஒரே நேரத்தில் உள்ளே குழிந்தது. குழிந்தபடியே நின்றது.

அவள் அடுத்த வாயில் கத்தியை வைத்தாள்.