தண்ணீரில் தேயாத கிண்ணம்

அன்று பகல் கொட்டகைக்குள் இருந்தவர்கள் நால்வர்: சங்கரபாண்டியனாகிய நான், என் தம்பி நவநீதகிருஷ்ணன், அவன் மகள் சுகப்பிரியா, காவலாளி இருளப்பசாமி. வேறு எவரும் உள்ளே வரவில்லை. கதவை நானே தாழிட்டேன்.

பாலவனத்தம் சாலையில் இருக்கும் அந்தக் கொட்டகை முன்பு நாங்கள் பஞ்சைச் சேமித்துவைத்த கிட்டங்கி. இப்போது தம்பி அங்கே செயற்கை இடுப்பு மூட்டுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கிறான். மூட்டு என்பது ஓர் உலோகப் பந்து, அது உட்காரும் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். மனிதன் நடப்பதுபோல இயந்திரம் அவற்றை லட்சக்கணக்கான முறை அசைக்கும். கிண்ணம் எவ்வளவு தேய்ந்தது என்று கடைசியில் எடை பார்ப்பார்கள்.

மூட்டு நனைந்தே அசைய வேண்டும். மற்ற இடங்களில் கன்றுக்குட்டி ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை ஊற்றுவார்கள். எங்கள் வீடு சுத்த சைவம். கொட்டகையிலும் வெள்ளிதோறும் விளக்கேற்றுகிறோம். ஆகவே தம்பி தண்ணீரை ஊற்றினான். கிண்ணம் தேயவில்லை. எங்கள் குடும்பப் பெயர் போட்டுச் சான்று போனது.

அந்த ரக மூட்டைத்தான் எங்கள் தங்கை சண்முகவடிவுக்கு வைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே கிண்ணம் தேய்ந்தது. தேய்ந்து உதிர்ந்த தூள் அவள் எலும்பைத் தின்றது. காலை இழுத்து இழுத்து நடந்தவள் படுக்கையில் விழுந்து செத்தாள்.

காரியம் முடிந்த கையோடு, சான்றைத் திரும்பப் பெறச் சொல்லத்தான் போனேன். அதே மூட்டோடு இன்னும் எத்தனையோ பெண்கள் நடக்கிறார்கள்.

உச்சி வெயில். தகரக் கூரை முனகியது.

“திரும்ப வாங்குனா குடும்ப மானம் என்னாகும்ணே?”

“ஏலே, அது தங்கச்சியோட சேந்து எரிஞ்சு போச்சு.”

“ஓட்டிப் பாத்துத்தானே குடுத்தோம். தேயலையே!”

சுகப்பிரியா தலை நிமிரவில்லை. “தண்ணியில காட்டாது பெரியப்பா. உரசுற பிளாஸ்டிக்கு பந்து மேலயே மெழுகு மாதிரி ஒட்டிக்கிடும். பெறகு வழுக்கிக்கிட்டே ஓடும். உடம்புல ஊறுற நீருல புரதம் இருக்கு. அது ஒட்ட விடாது. அங்கதான் நெசமாத் தேயும். அப்பாகிட்ட அப்பவே சொன்னேன்.”

“என்னத்தச் சொன்ன? கன்னுக்குட்டி ரத்தத்த வெளக்குக்கு முன்னால ஊத்தவா?”

“கன்னு ரத்தம் தீட்டு,” என்றேன். “கூடப் பொறந்தவ ரத்தம் தீட்டில்லையாலே?”

அவன் வாயைத் திறந்தான்.

இயந்திரம் அசைந்தது.

யாரும் பொத்தானைத் தொடவில்லை.

சீரான ஓட்டம் அல்ல அது. ஒரு காலை ஊன்றி, மறுகாலை இழுத்து வரும் நடை.

“அய்யா,” இருளப்பசாமி கிசுகிசுத்தான். “வடிவம்மா நடை.”

தம்பி ஓடிப்போய் மின்வயரைப் பிடுங்கினான்.

நடை நிற்கவில்லை.

அதே ரக மூட்டு மூழ்கியிருந்த கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் தெளிவாக இருந்தது. அதில் ஒரு வெள்ளை இழை மிதந்தது. பிறகு இன்னொன்று. திரிந்த பால்போலத் தண்ணீர் கலங்கி மஞ்சளானது. வெதுவெதுப்பான ஒரு வாடை கிளம்பியது. கடைசி வாரங்களில் அவள் அறையில் இருந்த வாடை.

“நிப்பாட்டச் சொல்லுங்கண்ணே…”

“உன் தங்கச்சி சோதிச்சுப் பாக்கா. நின்னு பாருலே.”

வெயில் சாயும்வரை நின்றோம். இயந்திரம் அடங்கியதும் சுகப்பிரியா கிண்ணத்தைக் கழற்றித் துடைத்து எடை போட்டாள்.

“தேஞ்சிருக்கு பெரியப்பா. அத்தைக்குத் தேஞ்ச மாதிரியே.”

தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் உட்காரவில்லை. அன்றே சான்றைத் திரும்பப் பெற்றோம். அந்த மூட்டை வைத்த மருத்துவமனைகளுக்கெல்லாம் எங்கள் பெயரிலேயே தகவல் போனது. பெயரை மறைக்கலாம் என்ற வக்கீலை வாசலோடு அனுப்பினேன்.

இன்றும் அங்கே சோதனை நடக்கிறது. கிண்ணங்கள் தேய வேண்டிய அளவு தேய்கின்றன. அதைக் கேள்விப்பட்டு, நாங்கள் குலவழக்கத்தை விட்டுவிட்டு ரகசியமாகக் கன்று ரத்தம் வாங்கி ஊற்றுவதாக அருப்புக்கோட்டைக் கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.

பொய். ஒரு சொட்டும் வாங்கவில்லை. நாங்கள் ஊற்றுவது தண்ணீர்தான்.